கிரேக்கக் கடற்பூதங்களைக் கதைத்தொகுப்பாக்குவது: கரையில் நின்றவரிடமிருந்து தொடங்குங்கள்

கிரேக்கப் புராணத்தின் கடற்பூதங்களைப் பற்றிக் கதைத்தொகுப்பு எழுதப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பூதத்தைக் கண்டவர் யார்? வீரனின் பெயரைச் சொன்னால் திரும்பவும் கேட்பேன். பெர்சியஸ், ஹெராக்கிளீஸ் போன்றவர்கள் ஒரு நாள் வந்து போகிறவர்கள். அந்தக் கடலோடு மாரியும் கோடையும் வாழ வேண்டியவர்கள் வேறு ஆட்கள். துடுப்பு வலித்தவர்கள், கரையில் கட்டிவைக்கப்பட்ட பெண், குதிரைக்குப் பிடரி வாரிய வேலைக்காரன், எலும்பைச் சுமந்த கூலியாள். இவர்களைத் தேடிப்பிடிப்பதுதான் தொகுப்பைத் திட்டமிடும் வேலையில் முக்காற்பங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் சிறிய வாசிகசாலை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் ஒன்பதாம் ஆண்டு முதல் சாதாரண தரம் வரை படிக்கும் பிள்ளைகள் எழுதிப் பழக வருவார்கள். பெரும்பாலானவர்கள் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். இரண்டொருவர் ஒட்டுசுட்டான் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் நானும் சேர்ந்து பத்துக் கதைகள் கொண்ட தொகுப்பொன்றைத் திட்டமிட்டு எழுதி வருகிறோம். அந்த வேலையில் நாங்கள் வகுத்துக்கொண்ட முறையை, இதே ஆசை உள்ள மற்ற வாசகர் வட்டங்களுக்கும் தனியாக எழுதுகிறவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

பிள்ளைகளிடம் கடற்பூதம் என்று சொன்னவுடன் முதலில் வரும் பெயர் கிராக்கன். அது கிரேக்கத்துக்கு உரியதே இல்லை. நோர்வேப் பக்கத்து வடகடலின் கதை அது. அண்மைக்காலத் திரைப்படங்கள்தான் அதைக் கொண்டுவந்து பெர்சியஸுக்கு எதிரே நிறுத்தின. லெவியத்தான் எபிரேய வேதத்தின் பிராணி. மகரம் நம்முடையது. மூன்றையும் முதல் நாளே கோடு கிழித்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தொகுப்பு எந்தக் கடலுக்கும் சொந்தமில்லாமல் போய்விடும்.

அடுத்து வருவது ஹைட்ரா. வெட்ட வெட்டத் தலை முளைக்கும் பாம்பு என்பதால் எல்லாருக்கும் அதன் மேல் ஆசை. ஆனால் அது ஆர்கோசுக்கு அருகிலுள்ள லேர்னா என்ற சதுப்பில், ஊற்று நீரில் வாழ்ந்தது, கடலில் இல்லை. வயற்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் குளத்தில் பாம்பு வந்தால் அது பூதமாகாதா என்று வாதாடினான். வாதம் நல்லதுதான். ஆயினும் தொகுப்புக்கு எல்லை வேண்டும், ஹைட்ராவை விட்டோம். மெடூசாவின் நிலை வேறு. அவளுடைய பெற்றோர் போர்கிஸ், கீட்டோ இருவரும் கடலின் பிள்ளைகள் என்று கி.மு. 700 அளவில் பாடிய ஹீசியட் சொல்கிறார். இருந்தாலும் அவள் கதை கடலில் நடப்பதில்லை. அவளுக்கு நூலின் முன்பக்கத்தில் வரையும் வம்சப் படத்தில் மட்டும் இடம் கொடுத்தோம்.

எஞ்சியவை எங்கள் பத்துக் கதைகள்: ட்ரோய் நகரத்துக் கடல்விலங்கு, மீனவன் கிளாக்கஸ், சைரன்கள், ஸ்கில்லா, கரிப்டிஸ், கடற்கிழவன் புரோட்டியஸ், கடலிலிருந்து வந்த காளை, டெனிடோஸ் தீவுப் பாம்புகள், டனக்ரா ஊரின் டிரைட்டன் என்ற மீன்வால் மனிதன், யோப்பாவில் கிடந்த எலும்புகள். புரோட்டியஸைப் பூதம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் பத்துக் கதைகளிலும் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தால் வாசகர் நான்காவது கதையில் புத்தகத்தை மூடிவிடுவார். சிரித்து மூச்சு விட ஓரிடம் வேண்டும். அந்த இடம் புரோட்டியஸ்.

ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு கொப்பிப் பக்கம்

கதை எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்கிறேன். அந்த இடத்தில் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது? பூதத்துக்கு உரிய ஒழுங்கு என்ன? அந்த வழியால் போகாமல் இருக்க முடியாதவர் யார், ஏன்? பூதம் அங்கே வந்ததற்கு யாருடைய செயல் காரணம்? அதைக் கண்டு பின்னர் சொல்லக்கூடியவர் யார்?

கரிப்டிஸை எடுத்துப் பாருங்கள். ஒரு பாறையில் இலை அடர்ந்த காட்டு அத்தி மரம் நிற்கிறது; அதன் கீழே கரிப்டிஸ் நாளுக்கு மூன்று முறை கடலை உறிஞ்சி, மூன்று முறை கக்குகிறது. இது ஹோமரின் ஒடிசி 12ஆம் காண்டத்தில் சேர்சி என்ற மந்திரக்காரி சொல்வது. பழைய கிரேக்கர்களே இந்த இடத்தைச் சிசிலித் தீவுக்கும் இத்தாலிக்கும் நடுவிலுள்ள மெசினா நீரிணை என்று கருதினார்கள். அந்த நீரிணை மிக ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் அகலம். மத்தியதரைக் கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது, நமது கரையில் உள்ளதைப் போலவே. ஆனால் நீரிணையின் வடக்கே உள்ள கடல் ஏறும்போது தெற்கே உள்ளது இறங்குகிறது. அதனால் நீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்குப் பாய்ந்து, ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திசை மாறுகிறது. சுழிகள் அங்கே இன்றும் உண்டு.

இவ்வளவும் தெரிந்த பிறகு கரிப்டிஸின் உருவத்தை வர்ணிக்கும் ஆசை தானாகவே போய்விடும். ஹோமரும் அதற்கு உடல் கொடுக்கவில்லை. உறிஞ்சும்போது அடியில் தெரியும் கருமணலையும், கக்கும்போது பாறை உச்சிவரை தெறிக்கும் நுரையையும் மட்டும் காட்டுகிறார். அதுவே போதும்.

சுழியைப் பார்க்காமல் சுழியை எழுதக் கூடாது. மாரியில் நந்திக்கடல் நிறைந்து, வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டிவிடப்படும்போது பெரியவர்களோடு போய்ப் பாலத்தருகே நின்று பாருங்கள். களப்பு நீரும் கடல் நீரும் முட்டும் கோட்டில் நிறம் எப்படிப் பிரிகிறது, மிதந்து வரும் தென்னோலை எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் திடீரென உள்ளே போகிறது, மறுபடி எங்கே எழும்புகிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள். ஒரு பிள்ளை, ஓலை உள்ளே போகும் முன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது என்று குறித்திருந்தாள். கரிப்டிஸ் கதையின் மிக நல்ல வரி அந்தக் குறிப்பிலிருந்துதான் பிறந்தது. மன்னார்ப் பக்கத்திலோ நாயாற்றிலோ இருப்பவர்கள் தங்கள் முகத்துவாரத்தைப் பார்க்கலாம். கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இரணைமடு வான்கதவு திறக்கும் நாள் இருக்கிறது.

ஆனால் கண்ணை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கதையை மெசினாவிலேயே விடுங்கள். கரிப்டிஸை நந்திக்கடலுக்குக் கொண்டுவருவோம் என்று எங்கள் வட்டத்தில் சிலர் ஆசைப்பட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. கிரேக்கப் பூதங்கள் அந்தந்த ஊர்த் தெய்வங்களின் கோபத்தாலும் அந்தந்த அரசர்களின் பொய்யாலும் வந்தவை. காரணத்தை அங்கே விட்டுவிட்டுப் பிராணியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால் அது வெறும் பெரிய மீன். எங்கள் கடலுக்கோ வேறு கதை இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவந்து அதில் விளக்கெரிக்கும் ஊரில், கடலைப் பற்றிச் சொல்ல நமக்கு இரவல் பூதம் தேவையில்லை. அதைத் தனிப் புத்தகமாக எழுத வேண்டும்.

சாட்சியைத் தேர்வு செய்தல்

முழுத் திட்டத்திலும் நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

ட்ரோய்க் கதையில் இருந்து தொடங்குங்கள். அரசன் லவோமிடோன், கடற்கடவுள் பொசைடனையும் இன்னொரு கடவுள் அப்பல்லோவையும் கூலிக்கு வைத்து நகரத்துக்கு மதில் கட்டுவிக்கிறான். வேலை முடிந்ததும் கூலி கொடுக்க மறுக்கிறான். பொசைடன் ஒரு கடல்விலங்கை அனுப்புகிறான். அது பெருக்கோடு சமவெளிக்குள் வந்து ஆட்களைப் பிடிக்கிறது. அதைத் தணிக்க அரசனின் மகள் ஹெசியோனியைக் கடற்பாறையில் கட்டுகிறார்கள். ஹெராக்கிளீஸ் வந்து காப்பாற்றுகிறான். பேசிய கூலியான குதிரைகளை லவோமிடோன் அவனுக்கும் கொடுப்பதில்லை. கரைவலை இழுத்துப் பங்கு பிரிக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதையில் எதையும் விளக்க வேண்டியதில்லை. என் ஐயா சம்மாட்டி ஒருவரிடம் வலை இழுத்தவர். மீன் விற்ற காசு வரும்வரை வாடியில் காத்திருந்த பின்னேரங்களை நான் அறிவேன். கடவுளர் இருவர் அப்படிக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று சொன்னபோது, பிள்ளைகளுக்குக் கோபம் பொசைடன் மேல் வரவில்லை.

சாட்சி யார்? கி.மு. 550 அளவில் கொரிந்தில் செய்யப்பட்ட ஒரு மண்சாடி அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இந்தக் காட்சி தீட்டப்பட்டுள்ளது. விலங்கின் தலை குகையிலிருந்து வெள்ளை மண்டையோடாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. நிலத்தில் கிடந்த ஏதோ புதைபடிவ எலும்பைப் பார்த்துத்தான் ஓவியர் அப்படி வரைந்தார் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விடயம் ஹெசியோனியின் கைகள். அவள் கட்டுண்டு அழுதுகொண்டிருக்கவில்லை. ஹெராக்கிளீஸ் அம்பு விட, அவள் பக்கத்தில் நின்று கல்லெறிகிறாள். அந்தப் படத்தைப் பார்த்த அன்றே, தொகுப்பின் முதற்கதையைச் சொல்பவள் அவள்தான் என்று தீர்மானித்தோம். பழைய படங்களைத் தேடிப் பார்க்காமல் திட்டத்தை முடிக்காதீர்கள். ஏட்டில் இல்லாத ஒரு கை அசைவு சாடியில் இருக்கும்.

சைரன்களுக்கும் படங்களைப் பாருங்கள். இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சாடியில் அவர்கள் பெண் தலை கொண்ட பறவைகள். மீன்வால் பிற்காலத்தது; அதை எடுத்துவிடுங்கள். ஹோமரில் அவர்கள் இரண்டு பேர், உடல் வர்ணனையே கிடையாது. ட்ரோயில் எல்லாரும் பட்ட துன்பம் தங்களுக்குத் தெரியும், உலகில் நடப்பதெல்லாம் தெரியும் என்று பாடி அழைக்கிறார்கள். பத்து வருடப் போரிலிருந்து இதாக்காத் தீவிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் கப்பல் தலைவன் ஒடிசியஸை அதைவிட எதைச் சொல்லி இழுக்க முடியும்? எங்கள் கதையில் சாட்சி, காதில் மெழுகு அடைத்த துடுப்புக்காரன். அவனுக்கு ஒன்றும் கேட்காது. பாய்மரத்தில் கட்டுண்ட தலைவனின் முகம் மாறுவதையும், கரைப் புல்வெளியில் எலும்புகள் கிடப்பதையும் மட்டும் பார்க்கிறான். பாட்டை எழுதும் சிரமம் இதனால் நீங்கியது. அதைவிட முக்கியம், வாசகருக்கு அந்தப் பாட்டைக் கேட்கும் ஆசை வந்துவிடுகிறது.

அடுத்து ஸ்கில்லா. பன்னிரண்டு கால்கள், ஆறு நீண்ட கழுத்துகள், ஒவ்வொரு வாயிலும் மூன்று வரிசைப் பற்கள். குரல் மட்டும் பிறந்த நாய்க்குட்டியின் குரல். கரிப்டிஸுக்குக் கிட்டப் போனால் கப்பலே போய்விடும். ஸ்கில்லாவின் பக்கம் போனால் தலைக்கு ஒருவராக ஆறு பேர் போவார்கள். ஆறு பேரை இழப்பதே மேல் என்பது சேர்சியின் புத்திமதி. ஒடிசியஸ் அதைக் கேட்டுக்கொண்டு வருகிறான். ஆட்களிடம் ஸ்கில்லாவைப் பற்றிச் சொல்வதில்லை. சொன்னால் துடுப்பை விட்டுவிட்டு உள்ளே பதுங்குவார்கள் என்பது அவன் காரணம். அவர்கள் கரிப்டிஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து ஆறு பேரும் தூக்கப்படுகிறார்கள். அந்தரத்தில் கைகால் அடித்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பாறையிலிருந்து நீண்ட தூண்டில் போட்டு மீனைத் துடிக்கத் துடிக்கக் கரையில் எறிபவனை ஹோமர் இங்கே உவமை சொல்கிறார். மீன்பிடிக்கும் ஊரில் அந்த வரியை வாசித்தால் சபை அடங்கிவிடும்.

அந்த ஆறு பேருக்கும் ஹோமர் பெயர் கொடுக்கவில்லை. நாங்கள் கொடுத்தோம். ஒவ்வொருவரும் எந்தப் பலகையில் இருந்தார், இதாக்காவில் அவருக்கு யார் காத்திருந்தார்கள், கை எப்படிக் காய்த்திருந்தது என்று ஆறு சிறு குறிப்புகள். கதையில் அவற்றில் பாதிகூட வராது. ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாட்சி ஏழாவது ஆள், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து தப்பியவன். தலைவனுக்கு முன்பே தெரியும் என்பது அவனுக்குப் பின்னர்தான் தெரியவருகிறது.

முல்லைத்தீவில் இந்தக் கதையை எழுதும்போது ஒரு கடமை சேர்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எங்கள் கரையிலிருந்து எத்தனையோ வீடுகளை ஆட்களோடு எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் அதன் பின் பிறந்தவர்கள். ஆனால் மாலை போட்ட படங்கள் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. அதன் பின் வந்த 2009இன் படங்களும் இருக்கின்றன. ஆகவே இரண்டு விதிகள் வைத்தோம். உடல் கிழிபடுவதை வர்ணிப்பதில்லை. ஆள் இல்லாத துடுப்பு கொழுவியில் ஆடுவதையும் குரல் தேய்வதையும் எழுதலாம். இரண்டாவது, எழுதியதை வட்டத்தில் வாசிக்கும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும். அவர் வேண்டாமென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும். ஒரு பிள்ளையின் அம்மம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “மிச்சப் பேர் துடுப்பை விடவில்லையா?” என்று கேட்டிருக்கிறார். விடவில்லை, அவர்கள் வலித்துக்கொண்டேதான் போனார்கள். கதை முன்பு ஆறு பேரின் குரலோடு முடிந்திருந்தது. இப்போது மீதிப் பேர் துடுப்பு வலிப்பதில் முடிகிறது.

ஸ்கில்லாவுக்கு இன்னொரு பிறப்புக் கதை உண்டு. கி.பி. 8 அளவில் உரோமக் கவிஞர் ஓவிட் எழுதியது. அதில் அவள் முதலில் ஒரு பெண். பொயோசியாவின் அந்தெடோன் ஊர் மீனவன் கிளாக்கஸ், பிடித்த மீன்களைப் புல்லில் பரப்பி எண்ணும்போது அவை உயிர்பெற்று நெளிந்து கடலுக்குள் இறங்குவதைக் காண்கிறான். அந்தப் புல்லைத் தானும் கடித்துப் பார்க்கிறான். அவனுக்கும் கடலுக்குள் போகும் ஆசை வந்து கடல் தெய்வமாகிவிடுகிறான். அவன் ஸ்கில்லாவை விரும்ப, அவனை விரும்பிய சேர்சி அவள் குளிக்கும் நீரில் நஞ்சு கலக்க, அவள் இடுப்பின் கீழ் நாய்கள் முளைக்கின்றன. ஹோமரின் ஸ்கில்லாவையும் ஓவிடின் ஸ்கில்லாவையும் ஒரே கதையில் குழைக்காதீர்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதி, இடையில் வேறு கதைகளை வையுங்கள். எட்டாம் கதையில் நாய்க்குட்டிக் குரல் வரும்போது, இரண்டாம் கதையில் குளிக்கப்போன பெண்ணை வாசகர் தாமாகவே நினைத்துக்கொள்வார்.

கரிப்டிஸுக்கு மட்டும் வீரனைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஏனென்றால் அப்போது மற்ற எல்லாரும் இறந்துவிட்டார்கள். சூரியனின் மாடுகளைத் தின்ற பாவத்துக்குக் கப்பல் உடைந்து, பாய்மரத்தையும் அடிமரத்தையும் கட்டி மிதந்து வரும் ஒடிசியஸைத் தென்காற்று திரும்பவும் அங்கே கொண்டுவருகிறது. அத்தி மரத்தில் வௌவாலாகத் தொங்குகிறான். பல வழக்குகளைத் தீர்த்த நீதிபதி சபையிலிருந்து எழுந்து இரவுச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம்வரை தொங்கியிருந்துதான் மரங்கள் மேலே வரக் காண்கிறான் என்கிறார் ஹோமர். கடலின் நடுவே செத்துக்கொண்டிருப்பவனின் நேரத்தை ஊர் வழக்கால் அளக்கும் அந்த வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். காளைக் கதையில் ஐரிப்பிடிஸ் கி.மு. 428இல் ஏதென்சில் மேடையேற்றிய நாடகமே வேலையைச் செய்து வைத்திருக்கிறது: கரையில் குதிரைகளுக்குப் பிடரி வாரிக்கொண்டிருந்த வேலைக்காரன் வந்து, மலையை மறைத்த அலையையும் அதிலிருந்து வந்த காளையையும் சொல்கிறான். அவனையே வைத்துக்கொள்ளுங்கள். டெனிடோஸ் பாம்புகள் வேர்ஜிலின் உரோமக் காவியத்தில் வருபவை. அதை முன்னுரையில் நேர்மையாகச் சொல்லுங்கள். அங்கே கவனிக்க வேண்டியது, பாம்புகள் வரும்போது கடல் அமைதியாக இருப்பது. புயலை உண்டாக்க வேண்டாம். டனக்ராவின் டிரைட்டனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயணி பவுசானியஸ் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். தலையில்லாத உடல். குளிக்க வந்த பெண்களைத் தாக்கியதால் டயோனிசஸ் தெய்வம் போராடி வென்றது என்று ஒரு கதை. மாடுகளையும் சிறு வள்ளங்களையும் கொள்ளையடித்துவந்த அதற்கு ஊரார் ஒரு சாடி வைன் வைத்து, அது குடித்து உறங்கியபோது ஒருவன் கோடரியால் தலையை வெட்டினான் என்று இன்னொரு கதை. இரண்டு கிழவர்களை வாசலில் இருத்தி இரண்டையும் சொல்லவிட்டோம்; யார் சொல்வது சரி என்று நாங்கள் தீர்ப்பளிக்கவில்லை.

புரோட்டியஸ் கதையில், ட்ரோயிலிருந்து திரும்பும் வழியில் காற்றில்லாமல் ஃபாரோஸ் தீவில் மாட்டிக்கொண்ட அரசன் மெனலாஸும் மூன்று தோழர்களும், கிழவனைப் பிடித்து வழி கேட்பதற்காகக் கடல்நாய்த் தோலைப் போர்த்திப் படுக்கிறார்கள். நாற்றம் தாங்கமுடியாமல், தேவியொருத்தி மூக்கில் அமிர்தம் தடவிவிடுகிறாள். நடுப்பகலில் கிழவன் வந்து தன் கடல்நாய்களை ஐந்தைந்தாக எண்ணுகிறான். இவர்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறான். பிறகு பிடித்துக்கொள்ள, சிங்கமும் பாம்பும் சிறுத்தையும் பன்றியும் தண்ணீரும் மரமுமாக மாறுகிறான். சாட்சி மூன்று தோழர்களில் ஒருவன். கடல்நாயைக் கண்டிராத வாசகருக்கு, மன்னார்க் கடலின் கடற்பசுவைச் சொல்லி வேறுபாட்டைக் காட்டுங்கள்: இது கரையேறும், குரைக்கும், மயிர் உண்டு.

அடுக்கும் ஒழுங்கு

ஹெசியோனி முதலில். காரணம் வெளிப்படை, பெண் கல்லெறிகிறாள், வாசகர் உடனே உள்ளே வந்துவிடுவார். இரண்டாவது கிளாக்கஸ். காளை, பாம்புகள், டிரைட்டன், புரோட்டியஸ் நடுவில். அதன் பின் சைரன்கள், ஸ்கில்லா, கரிப்டிஸ் மூன்றையும் ஹோமரின் வரிசையிலேயே தொடர்ச்சியாக வையுங்கள். ஒரு கப்பல் ஆட்களை இழந்துகொண்டே போவதை வாசகர் உணர வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தால் தொகுப்பின் முதுகெலும்பு போய்விடும்.

கடைசியில் யோப்பா. கடல்விலங்குக்குப் பலியாகக் கட்டப்பட்டு பெர்சியஸால் மீட்கப்பட்ட அந்திரோமிடாவின் பாறை அந்தத் துறைமுகத்தில் இருந்ததாகப் பழையவர்கள் நம்பினார்கள். அங்கிருந்து மார்க்கஸ் ஸ்காரஸ் என்ற உரோம அதிகாரி அந்த விலங்கின் எலும்புகளைக் கொண்டுவந்து மக்களுக்குக் காட்டினான் என்று உரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்: நீளம் 40 அடி, விலா இந்திய யானையைவிட உயரம், முதுகெலும்பு ஒன்றரை அடி தடிப்பு. கரையொதுங்கிய திமிங்கிலமாக இருந்திருக்கலாம். எங்கள் கதையைச் சொல்பவர் அந்த எலும்புகளைக் கப்பலில் ஏற்றிய கூலியாள். பெர்சியஸின் பெயர் கதையில் ஒரே ஒருமுறை வருகிறது.

எழுதியது போதுமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பூதத்தைக் கதையிலிருந்து தூக்கிவிட்டுப் பாருங்கள். அந்த ஆளுக்கு அப்போதும் ஒரு துயரம் மீதி இருக்கிறதா? ஹெசியோனிக்கு ஏமாற்றுக்காரத் தகப்பன் மீதி இருக்கிறான். துடுப்புக்காரனுக்கு உண்மையை மறைத்த தலைவன் மீதி இருக்கிறான். எங்கள் பாம்புக் கதையில் ஒன்றும் மீதி இருக்கவில்லை. அதைத் திரும்ப எழுதுகிறோம். பலிபீடத்தடியில் நின்ற வேலைக்காரப் பெண்ணுக்கு, பாம்புகள் கொன்ற பூசாரி லவோகூன் கிரேக்கரின் மரக்குதிரையைப் பற்றி எச்சரித்தது சரியென்று தெரியும், வாய்திறக்க முடியாது. அதுதான் இப்போது கதை.

நீளம் 1,500 முதல் 2,000 சொற்கள் போதும். உரத்து வாசித்தால் ஒரே இருப்பில் முடியும். மூலத்துக்கு ஒடிசியின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பதிப்புரிமை காலாவதியாகி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டை அருகருகே வைத்து வாசியுங்கள், ஒன்றில் மங்கிய இடம் மற்றதில் துலங்கும். கப்பற் சொற்களுக்கு அகராதியைத் தேடாமல் கரைக்குப் போங்கள். அணியம் எது, துடுப்பைக் கொழுவும் கயிறு எப்படிக் கட்டப்படுகிறது, ஈரப்பலகை எப்படி வழுக்கும் என்பதை வள்ளம் வைத்திருப்பவரிடம் கேட்டு, தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பின்னிணைப்பாக மத்தியதரைக் கடலின் படம் ஒன்றை வரைந்து கதைகளின் இடங்களைக் குறியுங்கள். சேர்சியின் தீவும் சைரன்களின் புல்வெளியும் எங்கே என்று ஹோமர் சொல்லாததால் அவற்றுக்குப் புள்ளி வைக்க வேண்டாம். ஓரத்தில் பெயரை மட்டும் எழுதலாம். பெயர்ப் பட்டியலை ஒருவர் கையில் ஒப்படையுங்கள். ஒரு கதையில் ஹெராக்கிளீஸ், இன்னொன்றில் ஹேர்குலிஸ் என்று வந்தால் வாசகர் இரண்டு ஆட்கள் என்று எண்ணுவார். அச்சுக்கூடத்துக்குக் கொடுக்கும் முன் அவர் பத்துக் கதைகளையும் அந்தப் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும்.